அண்ணன் வாங்கிய யானை

என் அண்ணன் யானை வாங்கியது பக்தியால் அல்ல. அவருடைய லொறியின் அச்சு முறிந்துபோயிற்று. புது அச்சு கொழும்பிலிருந்து இன்று வரும் நாளை வரும் என்று இழுபட்டது. அதனால் வாங்கினார்.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவும் அம்மாவும் காலமான பின் நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். கல்யாணம் பேசிப் பேசித் தட்டிப்போய்க்கொண்டிருந்த வயது. முன்னறையில் தையல் மெசின் போட்டு அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பேன். வீட்டை ஒட்டினாற்போல், மரம் அடுக்கி விற்கும் அண்ணனின் மரக்காலை. மூதூர்ப் பக்கத்துக் காடுகளில் தறித்த முதிரை, பாலை மரங்கள் வத்தைப் படகுகளில் கடற்குடாவைக் கடந்து வரும். அவற்றைக் கரையில் இறக்கி, கடைத்தெரு வழியாக இழுத்து, மீன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஏற்றத்தில் ஏற்றி மரக்காலைக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு லொறி செய்த அந்த வேலையைத்தான் யானை செய்ய வேண்டியிருந்தது.

கந்தளாயில் ஒருவரிடம் வாங்கிய பெண் யானை அது. நடந்து வந்து சேர்ந்த அன்று தெருவே எங்கள் படலை வாசலில் நின்றது. பயம் தெளியட்டும் என்று குழந்தைகளை அதன் வயிற்றுக்குக் கீழால் கடத்தினார்கள். யாரோ தும்பிக்கையில் திருநீறு பூசினார்கள். யாரோ கதலிக் குலையொன்றைக் கொண்டுவந்து நீட்ட, அது சீப்புச் சீப்பாக வாங்கித் தோலோடு தின்றது. அண்ணன் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியே, லொறி வாங்கேக்கை ஒருத்தரும் வந்து கும்பிடேல்லை” என்றார் என்னிடம்.

யானையோடு பாகனும் வந்தார். மூதூர்க்காரர். யானை பிடிக்கிற பணிக்கர் குடும்பம். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நாங்களும் அவரைக் காக்கா என்று கூப்பிட்டோம். அமைதியானவர், அளந்துதான் கதைப்பார். யானையைக் கிடத்தித் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்க்கும்போது மட்டும் அதனோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டேயிருப்பார். நல்ல மனிதர் கையில்தான் அது இருக்கிறது என்று நினைத்தேன்.

வேலை நாட்களில் அதை முதலில் கடலில் இறக்குவார்கள். வத்தையிலிருந்து தள்ளிவிடும் மரங்களை அது தண்ணீருக்குள் நின்று கரைக்கு உருட்டும். பிறகு கழுத்தில் சங்கிலி மாட்டி, இழுகயிற்றைப் பல்லில் கடிக்கக் கொடுத்து, தார் றோட்டில் இழுக்க விடுவார்கள். முன்னங்காலில் கட்டிய சங்கிலி தோலை அறுத்திருந்தது. அறுத்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். வெயில் ஏற ஏறத் தார் இளகும். அந்த நேரத்தில் வெறுங்காலோடு எங்களில் யாரும் றோட்டில் கால் வைக்க மாட்டோம், ஓரத்து மணலில்தான் நடப்போம். யானைக்கு அந்த ஓரம் இல்லை. அங்கே கடைகள் இருந்தன. சைக்கிள்களும் வண்டிகளும் விலகும்வரை அது காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கும். யானை ஆடுகிறது என்று சொல்லிக் கடைக்காரர்கள் இரசித்தார்கள்.

காதுக்குப் பின்னால் இருந்த புண்ணை நான் கண்டது ஒரு பின்னேரம், தண்ணீர் வைக்கப் போனபோது. உள்ளங்கை அகலம். ஈ மொய்த்தது. அன்றே வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, நீளத் தடியொன்றில் பழஞ்சீலையைச் சுற்றி அதைத் தோய்த்துப் பூசினேன். யானை அசையவில்லை. காதை முன்னுக்கு விரித்து எனக்கு இடம் விட்டது. காக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் பூசினேன். புண்ணின் ஓரம் காய்ந்து வந்தது. அதற்கடுத்த நாள் அதே இடத்தில் பச்சை இரத்தம். மறுபடி பூசினேன். மறுபடி ஆறி வரும், மறுபடி இரத்தம் கசியும். இப்படியே சில கிழமைகள் போயின.

ஒருநாள் காக்கா என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, நீங்க மருந்து போடுறத்த விட்டுருங்க.”

“ஏன் காக்கா? ஆறிக்கொண்டு வருகுதெல்லோ.”

“அதான் சொல்றன். அது ஆறப்படா. அந்தப் புண்ணுல அங்குசத்த வெச்சாத்தான் இது சொல்லுக் கேக்கும். பச்சையா இரிந்தா லேசாத் தொட்டாப் போதும். ஆறிப்போனா நான் ஆழமாக் குத்தித் திறக்கணும். நீங்க போடப் போட அதுக்குத்தான் நோவு கூட.”

கோபமும் இல்லை, கேலியும் இல்லை. சட்டைக்கு அளவு சொல்பவர்போல் சொன்னார்.

நான் மருந்துக் கிண்ணத்தோடு நின்றேன். பூசினால் ஒரு வதை, பூசாவிட்டால் இன்னொரு வதை. அன்று பூசவில்லை. என்னைக் கண்டதும் யானை வழமைபோல் காதை விரித்துக்கொண்டு நின்றது. நான் திரும்பி வந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றது.

சாப்பாட்டு மேசையில் அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணா, மத்தியானத்திலையெண்டாலும் அதை விடுங்கோ. விடிய வெள்ளனவும் பின்னேரமும் இழுக்கட்டும்.”

“வத்தை மத்தியானந்தான் கரை தட்டுது. காத்து அப்பதான் வாய்க்கும். காத்தைப் பிந்தி வா எண்டு சொல்ல ஏலுமே?”

“அதின்ரை உள்ளங்கால் எல்லாம் வெந்து கிடக்கு.”

“லொறியும்தான் அச்சு முறியுமட்டும் இழுத்தது. அப்ப நீ அழேல்லையே. தின்னக் குடுக்கிறன், வேலை வாங்கிறன். கதையை விட்டிட்டுச் சோத்துக்குச் சொதியை விடு.”

அவருக்குத் தெரியாமல் ஒரு அலுவலகத்துக்குப் போய் முறையிட்டேன். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். ஒரு அதிகாரி வந்தார். அண்ணன் கதிரை போட்டார், அவர் மனைவி, என் மச்சாள், பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். அதிகாரி இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, “கொழுத்துத்தானே நிக்குது” என்றார். காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கோ என்று யன்னலுக்குப் பின்னாலிருந்து நான் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

“தங்கச்சிக்கு யானை வைத்தியமும் தெரியுமோ? கெதியா ஒரு மாப்பிளையைப் பாருங்கோ.”

இருவரும் சிரித்தார்கள். அடுத்த நாள் அண்ணன் யானையை வழமையைவிட ஒரு மரம் கூடுதலாக இழுக்க வைத்தார். எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த மரத்தை என் யன்னலுக்கு நேரே போட வைத்தார்.

சித்திரை வெயிலில் அது விழுந்தது. நான் மெசினில் இருந்தேன். சந்தைப் பக்கமிருந்து தெரிந்த ஒருவர் ஓடி வந்தார்.

“பிள்ளை, கத்தரிக்கோல் ஒண்டு தாங்கோ. யானை விழுந்திட்டுது.”

கயிறு அறுக்கத்தான் கேட்கிறார் என்று பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துவிட்டு, செருப்பையும் மறந்து அவருக்குப் பின்னால் ஓடினேன். பாதம் பொசுங்கியது.

ஏற்றத்தின் நடுவில், முன்னங்கால்களை மடித்து, தாடையைத் தாரில் ஊன்றிக் கிடந்தது. பின்னால் முதிரை மரம் சரிவில் நின்று அதன் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சங்கிலியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினால் மரம் உருண்டு தன் கடைக்குள் வரும் என்று ஒரு கடைக்காரர் மறித்தார். காக்கா அந்தப் புண்ணில் அங்குசத்தை வைத்து அழுத்தினார். முதலில் மெல்ல, பிறகு முழுப் பலத்தோடு. கொக்கி உள்ளே போய் மறைந்தது. யானை பின்பக்கத்தைத் தூக்கியது, நடுங்கியது, மறுபடி இருந்துவிட்டது.

அண்ணன் வந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நிறைந்து, வண்டிக்காரர்கள் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“காஞ்ச தென்னோலை கொண்டாங்கோ” என்றார்.

பின்னங்கால்களுக்கு இடையில் ஓலையைக் குவித்து நெருப்பு வைத்தார்கள். அப்போது அது கத்திய சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அது எழும்பத்தான் பார்த்தது. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அதுதான். நான்கு காலிலும் ஒருதரம் நின்றுகூட விட்டது. காக்கா உடனே “இழு” என்றார். கீழே கிடந்த கயிற்றைத் தும்பிக்கையால் தேடி எடுத்து வாயில் வைத்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. அதற்குப் பிறகு தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் என் கத்தரிக்கோலைக் கண்டேன். கேட்டு வாங்கியவர் வாலடியில் குந்தியிருந்து முடியை வெட்டிக்கொண்டிருந்தார். யானை முடியில் மோதிரம் போட்டால் பயமும் கண்ணூறும் அண்டாது என்பார்கள். சுற்றி நின்றவர்கள் கை நீட்டினார்கள். எனக்கும் ஒண்டு, என்ரை மகளுக்கு ஒண்டு என்று கேட்டார்கள். நான் சட்டை தைத்துக் கொடுத்த பெண்களும் அங்கே நின்றார்கள். கத்தரிக்கோலைப் பறித்தேன்.

“உயிர் கிடக்குது. தெரியேல்லையே உங்களுக்கு?”

“செத்தாப் பிறகு வெட்டினால் பலனில்லைப் பிள்ளை” என்று அவர் பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார்.

சல்லிக் கிராமத்திலிருந்து மீன் விற்க வரும் பெண் ஒருத்தி மட்டும் ஐஸ் உருகிய தண்ணீரை வாளியோடு தூக்கி வந்து அதன் வாய்க்குள் ஊற்றினாள். கும்பிடுகிற மிருகத்துக்கு மீன் தண்ணியோ என்று சிலர் அவளை ஏசினார்கள். யானை குடித்தது. அவள் இன்னொரு வாளி கொண்டுவரப் போனாள். வந்தபோது அது அடங்கிவிட்டிருந்தது. பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அசர் வாங்கு இன்னும் சொல்லவில்லை.

அண்ணன் முதலில் மரத்தைச் சுற்றி வந்து எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டு லொறிகளை இரந்து பிடித்து, யானையின் கால்களில் அதே சங்கிலியை மாட்டி, கடற்கரைக்கு இழுப்பித்துப் புதைத்தார். இழுத்த வழியெல்லாம் தோல் தாரில் உரிந்து ஒட்டிக் கிடந்தது. அங்குசத்தைக் கடலில் கழுவிக்கொண்டே காக்கா அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அவர் அழாமல் சும்மா நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திராது.

தீபாவளிக்கு அண்ணன் எனக்கு ஒரு மோதிரம் தந்தார். பவுணில் கட்டிய யானை முடி.

“போடு பிள்ளை. பயம் போகும். கல்யாணமும் சரிவரும்” என்றார்.

பாசத்தோடுதான் தந்தார். நான் அதை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். தை பிறந்ததும் மெசினை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாலையூற்றில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வாடகைக்கு விட்ட அறைக்குப் போனேன்.

“குமர்ப்பிள்ளை தனியப் போய் இருந்தால் சனம் என்ன கதைக்கும்?” என்று அண்ணன் படலையில் நின்று மறித்தார்.

“அண்டைக்கு ஒண்டும் கதைக்காத சனந்தானே அண்ணா. இப்ப கதைக்கட்டும்.”

அவர் விலகி நின்றார். நான் பாலையூற்றிலேயே இருந்துவிட்டேன். கல்யாணம் நடக்கவில்லை. தைத்துத்தான் சீவித்தேன்.

அண்ணன் இன்னொரு யானை வாங்கினார். இளம் யானை. பாகன் அதே காக்காதான். ட்ராக்டர்கள் வந்து யானைக்கு வேலையில்லாமற் போகும்வரை அதுவும் அந்த ஏற்றத்தில் இழுத்தது. பிறகு கண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு விற்றார். அந்த நேரம் அதற்கு ஒரு கண் பார்வை இல்லை. அங்குசம் வழுக்கியதென்று மச்சாள் சொன்னார். வாங்க வந்தவரைப் பார்வையுள்ள கண்ணின் பக்கமாகவே நிறுத்தி, பிளேன்ரீ கொடுத்து, அவர் மற்றப் பக்கம் போகவிடாமலே அண்ணன் வியாபாரத்தை முடித்தாராம். அந்தக் கெட்டித்தனத்தை அவர் சாகும்வரை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.