உவர்த்தண்ணீர்ச் செவ்வரத்தை

கரம்பொன் ஊர் றோசலின் அக்கா இறந்துபோய்விட்டார் என்று அவருடைய தங்கை றீற்றா தொலைபேசியில் சொன்னபோது, பக்கத்து ஊரான சுருவிலில் என் பூக்கன்றுக் கடையில் நின்றேன். "பூத்ததோ?" என்றுதான் முதலில் கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்வி. றீற்றா கோபிக்கவில்லை. "இல்லை அண்ணை, மொட்டுத்தான்."

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். எங்கள் கிணறுகளில் பாதி உவர். குடிதண்ணீர் பவுசர் வண்டியில் வருகிறது. கொழும்பிலிருந்து நான் இறக்கும் புது இனச் செவ்வரத்தைகள் கடையில் மஞ்சளும் ஊதாவுமாகச் சிரிக்கும். வாங்கியவர் வீட்டுச் சாடியில் இலை நுனி கருகிச் சாகும். அப்படிச் செத்த ஒன்றை ஒருநாள் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார் அக்கா. "இனி உம்மட்டை வாங்கமாட்டன். உவர்த்தண்ணி குடிக்கிற இனத்தை நானே எடுக்கிறன்."

நான் சிரித்தேன். அவர் வேலிச் செவ்வரத்தையின் மகரந்தத்தைக் கோழியிறகால் தொட்டு, முன்பு என்னிடம் வாங்கிய இன்னொன்றின் மஞ்சள் பூவில் தடவினார். அந்த விதையில் முளைத்த கன்றுகளுக்கு உவர்த்தண்ணீர் மட்டுமே. வாடியதைப் பிடுங்கி எறிவார். "பாவம் பாத்தால் இனம் வராது" என்பார்.

பிறகு நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். றீற்றாவுக்கு வாடும் கன்றுகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குடிக்க வைத்திருந்த பவுசர்த் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிவிட்டார். அக்கா திரும்பிவந்து உவரை விட்டதும், சொகுசு கண்ட கன்றுகள் ஒன்றுவிடாமல் கருகின.

இருதயம் அதிக காலம் தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அக்கா மறுபடி கோழியிறகை எடுத்தார். "பூ வர ஒரு வருசத்துக்கு மேலை செல்லுமே அக்கா" என்றேன்.

"இருந்தால் நான் பாப்பன். இல்லாட்டி நீர் பாரும்."

சில நாள் கழித்து, அந்தியேட்டிக் கிரியைக்குப் போவதுபோல் பயபக்தியோடு கரம்பொன்னுக்குப் போனேன். இரண்டாம் தடவை முளைத்த கன்றுகளில் தப்பியது ஒன்றுதான். அதில் பூ விரிந்திருந்தது. புது நிறமில்லை; வேலியில் பூக்கும் அதே சிவப்பு. ஆனால் ஓர் இலையில்கூடக் கருகல் இல்லை. என் கடையில் இதுவரை இருந்த எந்தப் பூவின் முன்னாலும் நான் இப்படிக் குனிந்து நின்று இலையிலையாய்ப் பார்த்ததில்லை.

அதில் ஒரு தடி வெட்டி வந்து என் கடையில் நட்டிருக்கிறேன். தான் பார்க்கமாட்டேன் என்று தெரிந்தும் மறுபடி விதையிலிருந்து தொடங்கிய அந்த நெஞ்சுரமும் என்னோடுதான் இருக்கிறது.

அன்று நான் புறப்படும்போது றீற்றா கிணற்றில் வாளியை இறக்கினார். "கண்டெல்லாம் கருகின அண்டைக்கும் அவ என்னை ஒரு சொல் ஏசேல்லை அண்ணை" என்று அழுதபடியே, அந்த உவர்த்தண்ணீரைச் சாடியில் ஊற்றினார்.