ஷட்டர் இறங்கின வருஷத்துல டொமைன் வித்தவன்

டொமைன் விக்கிறதுன்னா, கையில பிடிக்க முடியாத ஒரு வெப்சைட் பேரை வருஷ வாடகைக்கு விடுற வேலை. எடுத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அதைச் சொந்த வீடுன்னே நெனச்சிட்டு இருப்பாங்க. ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஒரு நாளைக்கு நூறு வாட்டி "சொல்லுங்க மேடம்"னு சொன்னவங்களுக்கு என் கஷ்டம் புரியும். மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேட் கிட்ட வெச்சிடுங்க

லாக்டவுன் அறிவிச்சதும் எங்க மேனேஜர் கிரீஷ், கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. பெங்களூர் தொம்மலூர்ல என் வீடு ஒன்றரை ரூம். பிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஸ்டூல் போட்டு ஆபீஸ் ஆரம்பிச்சேன். கடையெல்லாம் மூடிக் கெடக்கு, எவன் வெப்சைட்டுக்குப் பேரு வாங்குவான்னு எல்லாருமே நெனச்சோம். மொத வாரம் போன் அடிக்கவே இல்ல. ரெண்டாவது வாரம் அடிச்சது நிக்கவே இல்ல. டியூஷன் மிஸ், யோகா மாஸ்டர், கறிக்கடை, தெருவுல ஷட்டர் இறக்கினவங்க எல்லாரும் இன்டர்நெட்ல ஷட்டர் தூக்க வந்துட்டாங்க.

எங்க ஏரியாவுலயே இட்லி மாவு அரைச்சு விக்கிற ஒருத்தர், பணம் கட்டி முடிச்சிட்டு "டெலிவரி என்னைக்கு?"ன்னு கேட்டாரு. வந்திருச்சு சார், மெயிலைப் பாருங்கன்னேன். அவரு ரொம்பப் பொறுப்பா சொன்னாரு: "வீட்டுக்குள்ள எல்லாம் வர வேணாம்னு சொல்லுப்பா, கேட் கிட்ட வெச்சிட்டுப் போகட்டும், நான் சானிடைசர் அடிச்சு எடுத்துக்கறேன்."

ஸ்டெல்லா அக்காவோட மெயில்

ஸ்டெல்லா அக்கா ஆஸ்டின் டவுன்ல ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிற யூனிட் வெச்சிருக்காங்க. ஆறு டெய்லர். ஸ்கூல் மூடினதும் ஆறு மிஷினும் நின்னு போச்சு. அந்த நேரம் பாத்து அத்திபெலேல ஒரு ஃபேக்டரி, ஆளுங்களுக்கெல்லாம் துணி மாஸ்க் தைச்சுக் கொடுக்கக் கேட்டிருக்கு. ஆர்டர் மெயில்லதான் வரணும், அதுவும் ஃபேக்டரி லிஸ்ட்ல இருக்கிற பழைய மெயிலுக்கு மட்டும். அனுப்பின மெயில் எல்லாம் திரும்பிப் போச்சு. ஏன்னு கேட்டு அக்கா என் லைனுக்கு வந்தாங்க. அந்த மெயில் ஓடுற டொமைனை ரினியூ பண்ணல.

நான் எடுத்துப் பாத்தா, பேரு கைவிட்டுப் போக இன்னும் பதினோரு நாள்தான். அதுக்கப்புறம் யார் வேணாலும் எடுத்துக்கலாம். சரி, ரினியூ பண்ணிடலாம்னு பாத்தா, ரெஜிஸ்டர் ஆனது அக்கா பேர்லயே இல்ல. வெப்சைட் போட்டுக் கொடுத்த விக்னேஷ், தன் பேரையும் தன் மெயிலையும் போட்டு வெச்சிருக்கான். நம்ம தொழில்ல பாதிப் பேரு இப்படித்தான் மாட்டிக்கறாங்க. அந்த மெயிலுக்குப் போற லிங்க்கை அவன் க்ளிக் பண்ணாம நான் ஒண்ணும் தொட முடியாது. அவனோ ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டான், எங்க கிட்ட இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அக்கா கேட்டாங்க: "ஒன்பது வருஷமா அது என் கடைன்னு நெனச்சிருந்தேன் தம்பி, அவன் வீட்டுலயா நான் குடியிருந்தேன்?"

நாகராஜ் சாரோட லிஸ்ட்

நாகராஜ் சாருக்குப் பேரு வாங்கி வெச்சு விக்கிறது பொழுதுபோக்கு. மார்ச்லயே கொரோனான்னு ஆரம்பிக்கிற பேரா நாப்பது கேட்டாரு. போலி மருந்து விக்கிறவனும் அதே பேரைத்தான் வாங்கறான், அதனால ஒவ்வொண்ணையும் பாத்துட்டுத்தான் சார் கொடுப்போம்னேன். "கவர்மெண்டே என்கிட்ட வந்து வாங்கும்யா, நீ தடுக்கறே"ன்னு கோவிச்சுக்கிட்டாரு.

ஸ்டெல்லா அக்கா பேசின நாலாம் நாள் மறுபடியும் லைன்ல வந்தாரு. இந்த வாட்டி, யாரும் ரினியூ பண்ணாம விட்ட பேரு ஒரு லிஸ்ட். காலியானதும் தனக்குப் பிடிச்சுக் கொடுக்கணும்னு முன்பதிவு. ஒவ்வொண்ணா வாசிச்சாரு. மூணாவது, அக்காவோட டொமைன் பேரு. முன்பதிவு எங்க கம்பெனி விக்கிற சர்வீஸ்தான், மாட்டேன்னு சொல்ல வழியில்ல. அக்காவுக்கு எதிரா என் கையாலயே டைப் பண்ணேன். கை கொஞ்சம் மெதுவா போச்சு. கிரீஷுக்குப் போன் போட்டு, ஏதாவது பண்ணலாமான்னு கேட்டேன். அவரு சொன்னது: "ரூல் ரூல்தான், ஏன் மாடோது, என்ன பண்றது? ஆனா அந்த ஹுடுகன, அந்தப் பையனை, நீ தேடக்கூடாதுன்னு ரூல்ல எங்கயும் இல்லையே."

அளவு நோட்டு

தேடினது நான் இல்ல, அக்காதான். விக்னேஷ் எப்பவோ ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருக்கான். டெய்லருங்க அளவு எடுத்தா நோட்டுல தோள், கை, காலர், கூடவே ஒரு போன் நம்பரும் எழுதுவாங்க. பழைய நோட்டைப் பூரா புரட்டிப் பாத்திருக்காங்க. காலர் பதினஞ்சரை, பக்கத்துல அவன் அம்மா நம்பர்! ஊர் வாணியம்பாடி பக்கம். உடனே அக்காவையும் அவன் அம்மாவையும் என்னோட ஒரே லைன்ல போட்டேன். மொட்டை மாடியிலதான் டவர் கிடைக்கும்னு அம்மா போனைத் தூக்கிட்டு மேல ஏறினாங்க, மகனும் பின்னாடியே.

அங்கதான் அடுத்த குண்டு. விக்னேஷோட மெயிலும் அவன் சொந்த டொமைன்ல இருக்கு, அதையும் அவன் ரினியூ பண்ணல. "ரினியூ பண்ணச் சொல்லி நீங்க அனுப்பின மெயில் எல்லாம் அந்த மெயிலுக்குத்தான்ணா வந்திருக்கும்"னான். பூட்டுக்குள்ள சாவி! நல்லவேளை, தன் டொமைனோட அக்கவுன்ட் பாஸ்வேர்டு அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு. மொதல்ல அவன் பேரை உயிர்ப்பிச்சு, அது வழியா மெயிலை உயிர்ப்பிச்சு, அப்புறம்தான் அக்கா பேரைத் தொடணும். காலையில ஏறினவன் சாயங்காலம் வரைக்கும் மாடியிலயே நின்னான். நடுவுல அவன் அம்மா போனை வாங்கி என்னைக் கேட்டாங்க: "ஏம்பா, எப்ப முடியும்? வடாம் காயப் போட்டிருக்கேன், இவன் டவர் தேடித் தேடி மிதிச்சே பாதியைத் தூளாக்கிட்டான்."

லேபிள்

அஞ்சரை மணிக்கு விக்னேஷ் லிங்க்கை க்ளிக் பண்ணான். பேரு ரினியூ ஆகி அக்கா பேருக்கே மாறுச்சு. மிச்சம் இருந்தது ரெண்டு நாள். அடுத்த நாள் அத்திபெலே ஃபேக்டரி மறுபடியும் ஆர்டர் அனுப்புச்சு, இந்த வாட்டி மெயில் திரும்பல. ஒரு வாரம் கழிச்சு அக்கா போன் பண்ணாங்க. பின்னாடி மிஷின் சத்தத்துல பாதி வார்த்தை கேக்கல, அதுவே எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. இனிமே இந்த வம்பே வேணாம்னு பத்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிட்டாங்க.

நாகராஜ் சாருக்கு நானே போன் பண்ணி, மூணாவது பேரு கிடைக்காது சார், ஓனர் ரினியூ பண்ணிட்டாங்கன்னேன். திட்டு வாங்கத் தயாரா ஹெட்செட்டைக் காதுலேருந்து கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டேன். அவரு சிரிச்சாரு: "விடு, நல்லதுதான், என் பொண்ணு யூனிபார்ம் லேபிளைப் பாத்துத்தான் அந்தப் பேரையே லிஸ்ட்ல எழுதினேன், ஸ்கூல் தொறந்தா அடுத்த சைஸுக்கு நான் அங்கதானே போகணும்!"

ஆகமொத்தம், வேலையை ஒழுங்கா முடிச்சா கஸ்டமர் பத்து வருஷத்துக்கு நம்மளை மறந்துடுவாங்க, அதையே வெற்றின்னு நெனச்சு அடுத்த போனை எடுக்கிற தொழில் இது.