தூக்குக்குள் கிடந்த போன்

ராசம்மாளைக் கூப்பிடாமல் எங்கள் ஊரில் நடவு நடக்காது. நாற்றுப் பறிக்கவும் நடவும் பதினைந்து இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு வருகிற செட்டுக்கு அவர்தான் தலைவி. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எந்த விவசாயியின் போனைத் திறந்தாலும் 'ராசம்மா நடவு' என்று ஒரு பெயர் இருக்கும். சில மா அளவே உள்ள நிலத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் என் போனிலும் இருக்கிறது.

அந்தப் போனை அவர் வாங்கியதே ஒரு வைராக்கியத்தில்தான். அவருடைய அம்மா காலத்தில் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால், பண்ணையின் காரியக்காரர் வாய்க்காலுக்கு இந்தக் கரையிலேயே நின்றுகொண்டு அக்கரையிலிருக்கும் அவர்கள் தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போடுவார். பெயரைச் சொல்லி, கூடவே ஒரு 'டி'யும் சேர்த்து. உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். ராசம்மாளும் சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்கு ஓடியவர்தான். இப்போது நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. "நாளைக்கு வர முடியுங்களா?" என்று போனில் கேட்கிறார்கள். "இருங்க, பாத்துச் சொல்றேன்" என்பார் இவர். நாள் காலியாக இருப்பது தெரிந்தாலும் உடனே சரி என்று சொல்லிவிடமாட்டார். அந்த ஒரு நிமிஷம் அவருடையது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்படிப்பட்ட போன்தான் இந்தக் குறுவைப் பருவத்தில் அவர் காலை வாரிவிட்டது. காலையில் முழுச் சார்ஜோடு வயலுக்குப் போகும். சாப்பாட்டுக்குக் கரையேறிப் பார்த்தால் செத்துக் கிடக்கும். யாரும் அதில் பேசவில்லை, பாட்டு கேட்கவில்லை, படம் பார்க்கவில்லை. சும்மா கிடந்த போன் எப்படி வற்றும்? கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போன விவசாயிகள் மெஷின் நடவுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். "ராசம்மாவுக்கு ராங்கி வந்துடுச்சு, போன அணைச்சுப் போட்டுடுது" என்று டீக்கடையில் பேச்சு. செட்டுப் பெண்களும் முணுமுணுத்தார்கள்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. ஊரில் பெரிய நிலம் ஒன்றுக்குக் காரியம் பார்க்கும் அரசப்பன், போனில் பேசினால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவர். ஒருநாள் போன் கிடைக்கவில்லையென்று பைக்கிலேயே வந்து வாய்க்கால் கரையில் நின்றார்.

"யேய் ராசம்மா! போன என்னடி பண்ணித் தொலச்ச? நாளைக்கு வடக்கு வெளிக்கு ஆள இட்டுக்கிட்டு வந்துடு!"

வயலில் இருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ராசம்மாள் கையில் நாற்று முடியோடு அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட செட்டுப் பெண் செம்மொழி பிறகு என்னிடம் சொன்னாள். "எங்கம்மாவக் கூப்பிட்ட மாரியே கூப்பிட்டுட்டாரு பாத்தியா" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாப்பில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலியிடம் போனார். முதல் தடவை அல்ல. முன்பே லொகேஷனை அணைத்தாயிற்று, புளூடூத்தை அணைத்தாயிற்று, பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஆப்களை நிறுத்தியாயிற்று, பேட்டரியும் புதிது போட்டாயிற்று. ராசம்மாள் ஒரு படி மேலே போய், மகன் வைத்துக்கொடுத்த முருகன் படத்தையும் எடுத்துவிட்டுத் திரையைக் கறுப்பாக்கியிருந்தார். கேட்டால் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றார். ரீசார்ஜ் பண்ணப் போயிருந்த நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல கெடந்தா நல்லாத்தான் இருக்கு பாய். வயலுக்குப் போனாத்தான் சும்மா கெடக்கையிலயே சார்ஜ குடிச்சுடுது."

ஜெகபர் அலி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயல்ல எங்கக்கா வைப்பீங்க?"

ராசம்மாள் பெருமையோடு ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுக்குள்ளதான். சோத்துக்கு ஒரு தூக்கு, போனுக்கு ஒரு தூக்கு. போன வருசம் இடுப்புல செருகி, குனியிறப்ப சேத்துல விழுந்து ஒரு போன் போச்சு. இதுல மூடிய அழுத்திட்டா ஒரு சொட்டுத் தண்ணி போகாது."

ஜெகபர் அலி போனைத் தூக்குக்குள் வைத்து மூடியை அழுத்தினார். தன் போனிலிருந்து கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். போன் அடித்தது.

"நம்மூர்ல டவர் ஏற்கெனவே ஒரு கோடுதான். எவர்சில்வருக்குள்ள போட்டு மூடினா அதுவும் எட்டாது. போன் சும்மா கெடக்காதுக்கா. டவர் எங்க, டவர் எங்கன்னு பலத்தையெல்லாம் போட்டுத் தேடிக்கிட்டே இருக்கும். சார்ஜ் அதுலதான் போவுது. நீங்க பேசாட்டியும் அது உள்ளருந்து கத்திக்கிட்டேதான் கெடக்கு."

ராசம்மாள் தூக்கைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "அடப் பாவமே, நான்தான் அடைச்சுப் போட்டிருந்தனா?" என்றார். சிரித்தார், கண்ணும் கலங்கிவிட்டது. கண்ணை இமை காப்பதுபோல் காத்ததே வினையாகிப் போனால் யாரை நோவது? ஜெகபர் அலி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்து, "இதுல போட்டு நிழல்ல தொங்க விடுங்க. வெயில் சூடும் சார்ஜ சாப்பிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

சில நாள் கழித்து எங்கள் வயலில் நடவு. வரப்போரத்துப் பூவரசங்கிளையில் கவருக்குள் போன் தொங்கியது. காலையிலிருந்தே இரண்டு மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ராசம்மாள் ஒவ்வொரு தடவையும் கரையேறிப் பேசிவிட்டு, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று செம்மொழிக்குக் காட்டிவிட்டு இறங்கினார்.

வெயில் ஏறும் நேரத்தில் அரசப்பனின் பைக் வந்தது. மனிதருக்குச் சத்தம் போட்டுப் பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது, போன் பண்ணிப் பார்க்கவே இல்லை. கரையில் நின்றபடியே, "யேய் ராசம்மா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

ராசம்மாள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நாற்றை ஊன்றிக்கொண்டே, "போன் பண்ணுங்க" என்றார்.

"எதிர்க்கத்தான நிக்கிறேன்?"

"போன் இப்ப நல்லா இருக்கு. அதுல கூப்பிடுங்க."

பெண்களின் கை நின்றது. அரசப்பன் நியாயம் கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். வடக்கு வெளியில் இன்னும் நடவு ஆகாமல் நாற்று முற்றி வீணாகிக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முனகிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரைத் தேடினார்.

பூவரசில் மணி அடித்தது. ராசம்மாள் அவசரப்படவில்லை. கையிலிருந்த நாற்று முடியை நட்டு முடித்தார். வாய்க்காலில் கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு, கவரிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"யாருங்க?"

கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனாலும் அரசப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "நாந்தாங்க, அரசப்பன் பேசறேன்" என்றார். "நாளைக்கு வடக்கு வெளிக்கு வர முடியுங்களா?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றார் ராசம்மாள்.