அழகப்பனும் திருக்கை வாலும்

சிராங்கூன் சாலைக்குச் சல்லி போட்ட கூலிகளில், மீன் வாடையே ஆகாத ஒருவன் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அவன் பெயர் அழகப்பன். மீனை அவன் தின்றதில்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு மீனின் வால்.

அது எதற்கு என்று தெரிய வேண்டுமானால் முதலில் வேலாயுதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூலிகளை மேய்க்கிறவனுக்குச் சிங்கப்பூரில் தண்டல் என்று பெயர். ஒரு ரோட்டுக் கண்டிராக்டரிடம் வேலை செய்த நாற்பது பேருக்கு வேலாயுதம் தண்டல். அவன் கக்கத்தில் எந்நேரமும் ஒரு திருக்கை வால் சுருண்டு கிடக்கும். திருக்கை மீனின் வாலை உப்பிட்டு உலர்த்தி எண்ணெயில் ஊறவைத்தால் அதைப் போன்ற சவுக்கு உலகத்தில் கிடையாது. மேலெல்லாம் அரத்தைப் போலச் சொரசொரப்பு. மாட்டை அடிக்க அதை யாரும் எடுப்பதில்லை, தோல் கெட்டுவிடுமாம். கூலியின் தோலை யாரும் சந்தைக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

1916 பங்குனியில் ஒரு நண்பகல், அழகப்பன் தண்ணீர்ப் பீப்பாயில் தன் கையாலேயே குவளையை முக்கிக் குடித்துவிட்டான். அவன் சாதிக்காரர்களுக்கு வேறொருவன் மேலிருந்து ஊற்றுவான், அவர்கள் கையேந்திக் குடிக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் முறை. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். பொய். அது டிக்கெட் எடுக்காமலே அதே கப்பலில் ஏறி, அவனுக்கு முன்னால் இறங்கி, பீப்பாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

வண்டிச் சக்கரத்தில் கட்டிவைத்துப் பதினோரு அடி. அதோடு முடியாது. கட்டை அவிழ்த்ததும் தண்டல் வாலை அடிபட்டவன் காலடியில் எறிவான். அடிபட்டவனே அதைக் கழுவிச் சுருட்டி, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும்.

“சுருட்டு,” என்றான் வேலாயுதம்.

அழகப்பன் தன் ரத்தத்தைத் தானே கழுவினான். சுருட்டினான். கொடுத்தான். முதுகு பத்து நாளில் ஆறியது. அந்தச் சொல் ஆறவில்லை.

முதுகுக்கு விளக்கெண்ணெய் தடவியவள் பூவம்மா. அதே கூட்டத்தில் கூடை சுமந்தவள், நாக்கில் உப்பும் மிளகும் உள்ளவள். அவளிடம் மட்டும் அவன் தன் மனதில் இருந்ததைச் சொன்னான். அதே மாதிரி ஒரு வால், அதே சக்கரத்தின் பக்கத்தில், அதே பதினொன்று, பிறகு தண்டலின் கையாலேயே சுருட்டல். மூங்கில் கழி போதாதா என்று அவள் கேட்டாள்.

“எதால அடிச்சானோ அதாலதான்.”

தேக்கா சந்தைக்குத் திருக்கை வரும். வால் வராது. அதில் விஷ முள் இருப்பதால் மீன்காரர்கள் கடலிலேயே வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆகவே தானே பிடித்தாக வேண்டும். படகு கிடையாது. பிடோக் பக்கம் கரையில் நின்றபடியே அலைக்குள் தூண்டில் எறிகிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டு, கேலாங் தாண்டி, நடந்தே போனான்.

முதல் ஞாயிறு அவன் தலைக்குமேல் ஈயக்குண்டைச் சுழற்றி வீசியபோது, கயிற்றின் மீதே நின்றுகொண்டிருந்தான். குண்டு பாதி தூரம் போய்த் திரும்பி வந்து அவன் நெற்றியில் இறங்கியது. இரண்டாம் ஞாயிறு கயிற்றின் மேலிருந்து காலை நகர்த்திக்கொண்டான், ஆனால் கயிற்றின் நுனியை எதிலும் கட்டவில்லை. குண்டு, முள், கயிறு மூன்றும் கடலோடு போயின. மூன்றாம் ஞாயிறு குளத்து மீனுக்குப் போடுவதுபோல் சோற்று உருண்டை கோத்தான். முதல் அலையிலேயே அது கரைந்துபோனது. முனியாண்டிக்குக் கடலில் ஒரு தேங்காய் விடு என்று கூலிகள் தங்கும் லயத்தில் ஒருவன் சொல்ல, மீன் கிடைக்காத ஆத்திரத்தில் அதையும் செய்து பார்த்தான். கடல் தேங்காயை உருட்டிக்கொண்டு வந்து அவன் காலடியிலேயே வைத்துவிட்டுப் போனது. அதை உடைத்துத் தின்றான். அதற்குப் பிறகு அவன் எந்தச் சாமியையும் இந்த வேலைக்குள் இழுக்கவில்லை.

வாரம் முழுக்கச் சல்லி கொட்டும்போதும் யோசனை அதிலேயே இருந்தது. உருண்டைக் குண்டு அலையில் உருளுகிறது, கயிறு கரையோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. சல்லி ஏன் உருளுவதில்லை? அதற்கு மூலை இருக்கிறது. சுத்தியலால் ஈயத்தை நாலு மூலையாக அடித்தான். குண்டு மணலைக் கவ்விப்பிடித்து நின்றது. சோற்றுக்குப் பதில் கணவாய் மீன் துண்டைக் கோத்தான். அலை எவ்வளவு அடித்தும் அது முள்ளை விட்டுப் போகவில்லை. தூரத்தில்தான் பெரிய மீன் என்று எண்ணித் தோள் கழல வீசியதை நிறுத்தினான். அலை உடைகிற இடத்துக்கு இப்பால், தண்ணீர் நிறம் மாறுகிற ஒரு பள்ளம் ஓடியது, இருபது முப்பது எட்டு வைக்கும் தூரத்தில். அலை கிளறிவிடும் நண்டும் சிப்பியும் அங்கேதான் போய்ச் சேரும், மீனும் அங்கேதான் வரும். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்கு ஐம்பது அடி தள்ளி யாக்கூப் என்ற மலாய்க்காரர் தூண்டில் போடுவார். வயதிலும் உடம்பிலும் வேலாயுதத்தின் அளவு. காலையில் அவர் இவனைப் பார்த்து, “பாசாங், பாசாங்,” என்று கத்துவார். தன்னைப் பாசாங்குக்காரன் என்கிறான், மீன் பிடிக்கத் தெரியாதவன் என்று கேலி செய்கிறான் என்று அழகப்பன் பல்லைக் கடித்தான். தண்டலுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியவன் இவன் என்று மனதில் குறித்தும் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆளே கையை ஆட்டி, “சூருட்,” என்று கத்துவார்.

அந்தச் சொல் காதில் விழுந்த கணம் அழகப்பனின் கைகள் அவனைக் கேட்காமல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிடும். முதுகு சில்லிடும். முழுதும் சுருட்டி முடித்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு நினைவு வரும். அவமானத்தில் மறுபடி வீச மனம் வராது. அப்படியே நடையைக் கட்டுவான். ஏழு மாதம் இப்படிப் போயிற்று.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு அவன் ஈயக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு யாக்கூப்பை அடிக்கவே போய்விட்டான். கரையோரம் கோப்பிக்கடை வைத்திருந்த அப்துல் முத்தலிப் நாகூர்க்காரர், இரண்டு பாஷையும் தெரிந்தவர். ஓடிவந்து குறுக்கே நின்றார். அழகப்பன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி முடித்தபோது முத்தலிப் மணலிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

“பாசாங்கு இல்ல தம்பி, பாசாங். தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். சூருட்னா தண்ணி வடியுது. வடியத் தொடங்கினதும் மேட்டுல மேஞ்ச திருக்கையெல்லாம் பள்ளத்துக்கு இறங்கும். அந்த நேரத்துல போடுடான்னு சொல்றாரு. நீ அந்த நேரம் பாத்து மூட்டை கட்டறே. இவன் என்ன கிறுக்கனான்னு ஏழு மாசமா என்கிட்ட கேக்கறாருலா.”

அழகப்பன் ஈயத்தைக் கீழே போட்டான். அவன் சிரிக்கவில்லை. ஒரு தண்டலின் ஒரு சொல் தன் கைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது, தன்னைக் கடற்கரை வரை வந்து எப்படி ஆட்டிவைத்திருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினோரு அடியை ஒருவேளை மன்னித்திருப்பான். இதை மன்னிக்க முடியாது.

அடுத்த வாரங்களில் ‘சூருட்’ என்ற குரல் கேட்கும்போது கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு நின்றான். கைகள் அடங்கிய பிறகு வீசினான். முதல் திருக்கை மாட்டியது. அவசரப்பட்டு இழுத்தான். அது மணலோடு அப்பிக்கொண்டது, கயிறு அறுந்தது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவது மார்கழியில், வடகிழக்குக் காற்று அலையைத் தூக்கி அடித்த ஒரு நாள் மாட்டியது. இந்தத் தடவை இழுக்கவில்லை. கயிற்றை விறைப்பாகப் பிடித்து, விரலால் சுண்டிக்கொண்டே நின்றான். ஒரு நாழிகை சுண்டியிருப்பான். அரிப்புத் தாங்காமல் அது மணலை விட்டு எழுந்தது. எழுந்த அந்த நொடியில் கயிற்றோடு கரைமேட்டுக்கு ஓட்டமாக ஓடி இழுத்துப் போட்டான். முறத்தைவிடப் பெரிய உடல், வால் அதைப்போல மூன்று பங்கு. யாக்கூப் வந்து விஷ முள்ளை வெட்டிக் கொடுத்தார். உடலை அவரிடமே விட்டுவிட்டு வாலோடு வீடு திரும்பினான்.

“திருக்கையக் குழம்பு வைக்கப் போனியா, கொல்லப் போனியா? ஒரு துண்டாவது கொண்டாந்தியா?” என்று பூவம்மா பழித்தாள். பழித்துக்கொண்டே, முதுகுக்குத் தடவின அதே விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். வால் பதமாக மூன்று வாரம் ஆயிற்று.

தையில் ஒரு நாள் நண்பகல். வெயிலில் நாற்பது பேரும் அதே வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் பீப்பாயைச் சுற்றி நின்றார்கள். அழகப்பன் யாருக்கும் காத்திராமல் குவளையை முக்கினான். நிதானமாகக் குடித்தான். இரண்டாவது தடவையும் முக்கினான்.

வேலாயுதம் கக்கத்திலிருந்து வாலை உருவிக்கொண்டு வந்தான். முதல் வீச்சு அழகப்பனின் தோளில் விழுந்தது. அவன் நகரவில்லை. அலை முன்னேறி வரும்போது அதோடு மல்லுக்கட்டக் கூடாது, பின்வாங்கும்போது இறங்க வேண்டும். தண்டல் அடுத்த அடிக்குக் கையைப் பின்னால் இழுத்தான். இடுப்பில் வேட்டிக்குள் சுற்றியிருந்த வால் அந்த நேரத்தில் வெளியே வந்தது. தண்டலின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது, அவன் சவுக்கு கீழே விழுந்தது. பூவம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, சந்தையில் காய் எண்ணுகிற குரலில் உரக்க எண்ணினாள். எட்டில் வேலாயுதம் மண்டியிட்டான். ஒன்பதில் அழுதான். பதினொன்றில் அழகப்பன் நிறுத்தி, வாலை அவன் காலடியில் எறிந்தான்.

“கழுவு. சுருட்டு.”

வேலாயுதம் சுற்றிலும் பார்த்தான். நாற்பது பேரில் ஒருவன்கூட அசையவில்லை. பீப்பாய்த் தண்ணீரை மொண்டு வாலைக் கழுவினான். சுருட்டினான். இரண்டு கையாலும் நீட்டினான்.

அழகப்பனுக்கு மூன்று மாதம் சிறை. கோர்ட்டில் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டு, தண்டனை குறையும் என்று சொன்னார்கள். அவன் காட்டவில்லை. இரக்கம் கேட்டுக் காட்டுகிற பொருள் அல்ல அந்தத் தழும்பு. வேலாயுதம் மாதம் முடிவதற்குள் ஜோகூர் பக்கம் போய்விட்டான். அழுத தண்டலுக்குக் கூலி பயப்படமாட்டான். மறுநாளே பீப்பாயில் தங்கள் கையால் மொண்டு குடித்தவர்கள் அழகப்பன் சாதிக்காரர்களில் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் இன்னொருவன் ஊற்றுவான் என்று கையேந்தியே நின்றார்கள். அடிமைப் பழக்கம் சவுக்கோடு போய்விடுவதில்லை.

விடுதலையான ஞாயிற்றுக்கிழமை அழகப்பன் பிடோக்குக்கு நடந்தான். முத்தலிப் கோப்பி ஊற்றிக் கொடுத்து, மனசு ஆறிச்சா என்று கேட்டார்.

“பதினொண்ணோட நிறுத்திட்டேன் அண்ணே. அது ஒண்ணுதான் குறை.”

கடல் பக்கத்திலிருந்து யாக்கூப்பின் குரல் வந்தது. “சூருட்.”

அழகப்பன் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கணவாயைக் கோத்தான். கைகள் சொன்னபடி கேட்டன. வீசினான்.