முட்டியில் போட்ட ஒட்டு

தெருவில் எல்லோருக்கும் அவள் கால்சட்டை அக்கா. லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. சம்பாதிப்பதில் பாதி பழைய துணிக்குப் போய்விடும். சுரங்கத்தில் கிழிந்த கால்சட்டை, ரயில் பட்டறையில் கரி ஏறியது, பட்டாளத்துச் சீருடை என்று வீடு நிறைய அடுக்கி வைத்திருந்தாள். "செத்தவன் துணிக்கெல்லாம் அலமாரி, உயிரோட இருக்கிற எனக்குக் கொடிக்கயிறு" என்று சொல்லிச் சொல்லித் தம்பி ஓய்ந்துபோனான்.

அத்தனையிலும் ஒன்றின் மேல்தான் அவளுக்கு உயிர். ஒரு சிப்பாயின் கால்சட்டை. போர் முடிந்து வந்தவனுக்கு வேறு உடுப்பு வாங்க வக்கில்லை. அதையே மாட்டிக்கொண்டு கல்குவாரியில் மண்டிபோட்டுக் கல் உடைத்தான். முட்டி கிழிந்ததும் அவன் பெண்டாட்டி மாவுச் சாக்கை வெட்டி ஒட்டுப் போட்டாள். அதுவும் தேய, அதன்மேல் இன்னொன்று. அவன் மகளே கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்ன கதை இது.

அருங்காட்சியகத்தில் போர் அறைக்கு இரவல் கேட்டார்கள். படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தாள். "முட்டி நல்லாத் தெரியணும் சார். விஷயமே அங்கதான் இருக்கு."

திறப்பு விழாவுக்குத் தம்பியோடு முன்னதாகவே போனாள். மேடையில் ஆளுயரப் பொம்மை. மேலே பதக்கம் குத்திய கோட்டு, கீழே அவளுடைய கால்சட்டை. முட்டி வழவழவென்று இருந்தது. ஒட்டைப் பிரித்தெடுத்து, உள்ளே புதுத்துணி கொடுத்து, நிறம் பார்த்துத் தைத்திருந்தார்கள்.

அவள் முட்டியைத் தடவிப் பார்த்தாள். "யார் பண்ணது இது?"

அருங்காட்சியகத் தையற்காரர் சிரித்த முகமாக முன்னால் வந்தார். "நான்தாம்மா. யாரோ கண்றாவியா சாக்கை வெச்சு அப்பியிருந்தாங்க. இப்பப் பாருங்க, அசல் சீருடை."

"அந்த யாரோ அவன் பெண்டாட்டி."

அதிகாரி குறுக்கே வந்தார். "ஒட்டுப் போட்ட வீரனை நிறுத்தினா பார்க்கிறவங்க என்னம்மா நினைப்பாங்க?"

"சண்டைக்கு அனுப்பினவங்க, திரும்பி வந்தவனுக்கு ஒரு கால்சட்டை கூடக் கொடுக்கலைன்னு நினைப்பாங்க. நினைக்கட்டும்னுதான் கொடுத்தேன்."

"மெதுவாப் பேசுங்க. விருந்தாளிங்க வர்ற நேரம்."

"ஒட்டு எங்க?"

தையற்காரருக்கு முகம் சுண்டிப்போனது. மிஷினில் எண்ணெய் துடைக்க வைத்திருந்தாராம். போய் எடுத்துவந்தார். கறுத்துப்போன இரண்டு துண்டுகள். ஓரத்தில் அந்தப் பெண் போட்ட தையலில் நாலைந்து நூல் மட்டும் மிச்சம்.

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மேடையில் ஏறினாள். பொம்மையின் பெல்ட்டைக் கழற்றினாள்.

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான் தம்பி.

"காலைத் தூக்கிப் புடிடா."

அவன் பிடித்தான்.

"இரவல் காலம் இன்னும் முடியலையேம்மா" என்றார் அதிகாரி.

"கோட்டு உங்களோடதுதானே? அதை வெச்சுச் சமாளிங்க."

விருந்தாளிகள் நுழைந்தபோது வீரர் மார்பில் பதக்கமும், இடுப்புக்குக் கீழே வெறும் பிளாஸ்டர் காலுமாக நின்றார். அதிகாரி மேஜை விரிப்பை உருவிக்கொண்டு ஓடினார்.

பஸ்ஸில் தம்பி மெல்லக் கேட்டான். "திரும்பவும் அதே இடத்துல வெச்சுத் தைச்சிடலாம் இல்லையா?"

"நான் தைச்சா அது என் தையல்டா" என்றாள்.