கண்ணடிக்காத விமானம்

ஜெயகரனுக்கு வேலை மெட்ராஸில், வீடு செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில். இரண்டுக்கும் நடுவில் இருந்ததை அவர் தூரம் என்று சொன்னதில்லை, வானிலை என்பார். அரசு விமான நிறுவனத்தில் கேப்டன். மனைவி யூனிஸ் செகந்திராபாத்தில் மிஷன் பள்ளி டீச்சர். அவள் வேலையை விட மாட்டாள், அவரும் விடச் சொல்ல மாட்டார். அதனால் தெருக்காரர்கள் சைக்கிளில் ஆபீஸ் போன அந்த எழுபதுகளில் அவர் ஃபோக்கர் விமானத்தில் வேலைக்குப் போய்வந்தார். ஸ்டாஃப் டிக்கெட். இடமில்லை என்றால் விமானிகளுக்குப் பின்னால் மடக்கு இருக்கை.

அதில் உட்கார்ந்து வீட்டுக்கு வருவது பாதித் தூக்கம் மாதிரி. கைக்கு வேலை இல்லை. கீழே கிருஷ்ணா நதி எங்கும் போகாமல் மினுங்கிக்கொண்டு கிடக்கும். பிறகு பாறைகள், ஏரிகள், ஏரிக்குள் மேகங்கள். எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் யூனிஸ் ஏதோ பாடுவதுபோல் இருக்கும். கூர்ந்து கேட்டால் இருக்காது.

மழைக்காலத்தில் காற்று மேற்கிலிருந்து வரும். விமானம் மல்காஜ்கிரி மேலாக வந்து பேகம்பேட் விமான நிலையத்தில் இறங்கும். குளிர்காலத்தில் காற்று கிழக்கிலிருந்து. மேற்கே சுற்றி வந்து இறங்கி, திரும்பக் கிளம்பும்போதுதான் வீட்டின்மேல் போகும். டிசம்பரில் அவர் வருவது வீட்டுக்குத் தெரியாது, போவதுதான் தெரியும்.

அதற்கு இருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவரைப் பேகம்பேட்டில் பிடித்து, அதே விமானத்தை நாக்பூர்வரை ஓட்டச் சொல்வது உண்டு. அப்படி ஆனால், வீட்டுக்கு மேலே விமானத்தின் முன்விளக்கை ஒருமுறை அணைத்து மறுபடி போடுவார். விளக்கு அணையாமல் போனால் அவர் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். யூனிஸ் உலை வைப்பாள்.

"ஊரே பாக்கப் பொண்டாட்டிக்குக் கண்ணடிக்கிற மனுசன் உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தாம்ட்டீ" என்பாள் பக்கத்து வீட்டுக் கனகமணி.

"கண்ணடிச்சா அன்னைக்கு வரலன்னு அர்த்தம்க்கா. அடிக்காம இருந்தாத்தான் நல்லது."

அந்த டிசம்பரில் யூனிஸின் வயிற்றில் கட்டி என்றார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அறுவை. முந்தின சாயங்காலம் வந்துவிடுவதாக ஜெயகரன் சொல்லியிருந்தார். லீவு எழுதிக் கொடுத்து, மடக்கு இருக்கையில் வந்தார். ஏரிகளில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

பேகம்பேட்டில் படி இறங்கும்போதே டிராஃபிக் ஆபீசர் வெங்கடகிருஷ்ணன் எதிரே வந்தார்.

"கேப்டன் சார், தெய்வம் மாதிரி வந்தீங்க! ஏற வேண்டிய கேப்டனுக்குக் காய்ச்சல். இன்னொருத்தரைப் பொல்லாரத்திலிருந்து கூட்டிட்டு வரணும். நீங்க அப்படியே நாக்பூர் எடுத்துட்டுப் போயிட்டா..."

"இல்லை."

வெங்கடகிருஷ்ணன் சிரித்தார். ஜெயகரன் இல்லை என்று சொல்லி அவர் கேட்டதில்லை. "காலையில மொத ஃபிளைட்ல வந்துடலாம் சார். பேசஞ்சரெல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும். எனக்கும் வீட்ல ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா."

வெளியே வந்து ஆட்டோ பிடித்தார். அத்தனை வருஷத்தில் அவர் நிறுத்திவைத்த ஒரே விமானம் அது. பிற்பாடு அவருக்குப் பிடித்துக்கொள்ள இருந்ததும் அதுதான். மறுநாள் அறுவைக்குப் போன யூனிஸ் வீடு திரும்பவில்லை.

கதவைத் திறந்தது மகள் ஐவி. பாலிடெக்னிக் படிக்கிறவள், அவள் பேச்சு பாதி உருது, பாதி தமிழ்.

"டாடி! இத்னா ஜல்தி? பிளேன் இன்னும் நை கயா!"

"மம்மி எங்க?"

"மேலே. நான் நக்கோ, வேணாம், குளிர்தி, கீழே வான்னேன். சுன்தீச் நை, கேக்கவே மாட்டேங்குறாங்க."

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறினார். யூனிஸ் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மேற்கே பார்த்து நின்றிருந்தாள். வானத்தில் கொஞ்சம் ஆரஞ்சு மீதி இருந்தது. அடுப்புப் புகை கூரைகளின்மேல் ஒரே மட்டத்தில் படிந்து, வீடுகளெல்லாம் மிதப்பதுபோல் இருந்தது. காலடி கேட்டும் அவள் திரும்பவில்லை.

"ஐவி, கத்தாத. பிளேன் இன்னும் போகல. அப்பா வந்தாங்களா, போயிட்டாங்களான்னு தெரியாம எப்படிக் கீழ வர?"

அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் சால்வையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். கை அவர் சட்டையில் பட்டது. பார்த்தாள்.

"வந்துட்டீயளா?" என்றாள் மெல்ல, கனவில் கேட்பதுபோல. பிறகு, "அப்ப பிளேன்?"

"அது நிக்குது. ஓட்ட ஆள் வரணும்."

"உங்களக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க."

அவள் மறுபடி மேற்கே திரும்பினாள். கீழே போகலாம் என்று அவர் அவள் கையைப் பிடித்தபோது, "செத்த இருங்க" என்றாள்.

நின்றார்கள். ஆரஞ்சு போய்விட்டது. மௌலாலிப் பக்கம் ஏதோ ரயில் எஞ்சின் கூவியது. வெகுநேரம் கழித்து மேற்கில் ஒரு வெளிச்சம் எழுந்து, சத்தமில்லாமல் பெரிதாகி, சத்தத்தோடு தலைக்கு மேலே வந்தது. இங்கிருந்து பார்க்க இப்படித்தான் இருக்குமா என்று ஜெயகரன் அண்ணாந்தபடி நின்றார். இத்தனை வருஷமும் அவர் அதன் உள்ளேதான் இருந்தார். வெளிச்சம் அணையவில்லை. சிமிட்டாமல் கிழக்கே போய்ச் சின்னதாகி, நட்சத்திரங்களோடு சேர்ந்துகொண்டது.

யூனிஸ் மூச்சை விட்டாள்.

"கண்ணடிக்கல. அப்ப நீங்க வந்துட்டீய" என்றாள். உலை வைக்கக் கீழே இறங்கினாள்.