மழை வேண்டாமென்று கேட்ட பிள்ளைகள்

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கடல்தான் சோறு போடுகிறது, மீதிப் பேருக்கு உப்பளம். ஏரும் மாடும் அவர்களுக்குப் பாடப்புத்தகத்துப் படங்கள்தான். அதனால் எட்டயபுரம் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டைப் பார்க்க அழைத்துப் போவதாக முடிவானது. பல தலைமுறைக்கு முன் வடக்கே இருந்து வந்து, முள்ளுக்காட்டை வெட்டி, கரிசல் மண்ணைத் திருத்திக் குடியேறிய ஒரு குடும்பத்தின் வீடு அது. அவர்கள் வாரிசுகள் இன்னமும் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். முன்னோர்களின் வீட்டையும் தொழுவத்தையும் கிணற்றையும் மட்டும் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள்.

முந்தின வருஷம் இதே சுற்றுலா மழையால் நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் பையும் கையுமாக வந்து, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். நான் ஒரு காரியத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். தொப்பி வேண்டும், முள்ளுக்குச் செருப்பு வேண்டும், மாட்டின் வாலை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது என்று தினமும் ஒரே பாட்டு. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலையைப் புரியவைக்க, நாற்காலியில் கயிறு கட்டி நானே இழுத்துக் காட்டினேன். பிள்ளைகள் என்னைத்தான் மாடு என்று நினைத்திருப்பார்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். காலைப் பிரார்த்தனையின் முடிவில், சுற்றுலா வரைக்கும் மழை வரக் கூடாது என்று அவரவர் சாமியிடம் கேட்கச் சொன்னேன். எங்கள் ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. மழை விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து போகும், அளத்தில் வேலை நின்றுவிடும். மழை வேண்டாம் என்று கேட்பது இங்கே குழந்தைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும்.

மழை வரவில்லை. சுள்ளென்ற வெயிலில் போய் இறங்கினோம். அந்த வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வாசலிலேயே நின்று வரவேற்றார்கள். தானியம் கொட்டி வைக்கும் ஆளுயர மண் குதிர், மரக் கலப்பை எல்லாவற்றையும் காட்டினார்கள். பிள்ளைகளுக்காகவே கமலையில் மாட்டைக் கட்டி ஒரு சால் தண்ணீர் இறைத்துக் காட்டினார் அவர். தண்ணீர் கொட்டியதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் மாடே மிரண்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் நன்றி சொல்லும் நிகழ்ச்சி. உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மகள், எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள், எழுந்து பேசினாள். நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சொல்லிவிட்டு, அவளாகவே ஒன்று சேர்த்தாள். "மழ வரக் கூடாதுன்னு நாங்க தெனமும் சாமிகிட்ட கேட்டோம். சாமி கேட்டுட்டாரு. அதுக்கும் நன்றி."

முதலில் கை தட்டியது நான்தான். வீட்டுக்காரரும் சிரித்தபடி தட்டினார். அவர் மனைவி மட்டும் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்காரர் பின்புறம் இருந்த அவர்களுடைய நிலத்தைக் காட்டினார். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் கறுப்பு மண். "இங்கன ஒண்ணுமே இல்லியே" என்றான் ஒரு பையன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் மண்ணைக் கீறினார். உள்ளே உளுந்து கிடந்தது. பக்கத்தில் எறும்புகள் வரிசையாக அதைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"வெதச்சாச்சு தம்பி. புழுதியில போட்டுட்டு மழைக்குப் பாத்துக்கிட்டிருக்கோம். இந்நேரம் ஒரு மழை விழுந்திருக்கணும்."

நன்றி சொன்ன அந்தப் பெண்தான் கேட்டாள், "நாங்க கேட்டதுனாலயா வரல?"

"சேச்சே. நீங்க வர்ற அன்னைக்கு வெயிலா இருக்கட்டும்னுதான் நானும் நெனச்சேன் தாயி" என்றார். அது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் வரப்போரம் நின்று கண்ணை மூடி, மழை வரணும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அந்தப் பெண் மட்டும் கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், மழ பெஞ்சா எங்கம்மாவுக்குத் தை மாசம் வரைக்கும் வேல கெடையாது. அதான் நான் கேக்கல. தப்பா?"

"தப்பில்லம்மா" என்றேன்.

"அப்போ அந்த ஐயாவுக்கு?"

அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்துதான் மழை வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று அவருக்குப் போன் செய்தேன். முதலில் போட்ட விதை வீணாகிவிட்டதாம், மறுபடியும் வாங்கி விதைத்திருக்கிறார்களாம். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "பிள்ளைக நல்லாருக்காகளா டீச்சரம்மா? அடுத்த வருசமும் கூட்டிட்டு வாங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்காமலே போனை வைத்தேன்.

எங்கள் வேண்டுதலால்தான் மழை தள்ளிப்போனது என்று நான் நம்பவில்லை. ஆனால் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் முற்றத்தில் உட்கார்ந்து, அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மழை வராததற்குக் கை தட்டியவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இப்போதும் வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறேன். மழை வரணும் என்று கேட்கவா, வேண்டாம் என்று கேட்கவா டீச்சர் என்று யாராவது கேட்டால், குடை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.